முன்னால் நின்றவன்

கொடைக்கானல்,
5.1.2025

அன்புள்ள மதனுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ அக்னிவீர் தேர்வுக்காக ஓடிப் பழகியபோது பேசாமல் இருந்தேன். பெங்களூரில் உன் பயிற்சி முடிந்த அணிவகுப்புக்கு உன் அம்மா என்னைக் கூப்பிடாமல், கவுஞ்சித் தெருக்காரர்களோடு வேன் பிடித்துப் போய் வந்தாள். அப்போதும் பேசவில்லை. இப்போது பாராசூட் படைக்கு விருப்பம் எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று அடுத்தவர் வாயால் கேள்விப்படுகிறேன். நம் குடும்பத்தில் அந்தப் படையின் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே உறைபனி. விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. பதினெட்டு வருடமாக வரலாறு நடத்துகிற எனக்கு இந்த வருடமும் ஒன்பதாம் வகுப்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள். மேல் வகுப்பு, நிர்வாகியின் மச்சினருக்கு. அதை விடு.

நான் போனை எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். போனில் ஆள் குறுக்கே புகுந்து கேள்வி கேட்பான். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டாக வேண்டும்.

யூனிட் வாசலில் இறங்கிய நிமிடத்திலிருந்து உனக்குப் பெயர் கிடையாது. மூன்று மாதம் நீ சோதனையில் இருக்கும் புரபேஷன் ஆள், அவ்வளவுதான். உள்ளே நடக்கக் கூடாது. தட்டு எடுக்கப் போனாலும் ஓட்டம், கக்கூசுக்குப் போனாலும் ஓட்டம். அந்தப் படைக்கே உரிய மெரூன் தொப்பி எல்லார் தலையிலும் இருக்கும், உன் தலையில் இருக்காது. போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள் என்று கேள்வி. எங்கள் காலத்தில் பூட்டுவதற்குப் போனே இல்லை. யாராவது காரணமில்லாமல் திட்டினால் காரணம் தேடாதே. காரணம் தேடுகிறவனைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

பத்து கிலோமீட்டரில் தொடங்கி நாற்பதில் முடியும் ஓட்டம். முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கி. மூட்டையை ஓடுவதற்கு முன்னும் நிறுப்பார்கள், ஓடி முடித்த பிறகும் நிறுப்பார்கள். கால் கிலோ குறைந்தாலும் ஓடியது செல்லாது. அதனால் தண்ணீரை மூட்டையின் எடையில் சேர்க்காதே. வழியில் குடித்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உனக்கு ஒரு ஜோடிக்காரனைக் கொடுப்பார்கள். நீ செய்த தப்புக்கு அவன் தண்டால் எடுப்பான், அவன் தப்புக்கு நீ எடுப்பாய். பிறகு விமானத்தில் அவன்தான் உன் பின்னால் நின்று உன் கொக்கியைச் சரிபார்ப்பான். அவனை நீ தேர்ந்தெடுக்க முடியாது. என் தலைவிதி அங்கேதான் கெட்டது.

மூன்று மாதத்தில் தேறாவிட்டால் வேறு படைக்கு அனுப்பிவிடுவார்கள். நாலு வருடம் முடிந்ததும் நூற்றில் இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்பதும் உனக்குத் தெரியும். திருப்பி அனுப்பப்பட்டவனை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆகவே தேறு.

பதில் எழுது.

உன் மாமா,
ராஜமுருகன்


முகாம்,
23.1.2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்களுக்குக் குளிரில் முட்டி வலி அதிகமாகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் எழுத்துப் பிசகாமல் நடக்கிறது. பதினாறு பேர் வந்தோம், பதின்மூன்று பேர் இருக்கிறோம். மூட்டை நிறுக்கும் விஷயத்தை என் ஜோடிக்காரனுக்கும் சொன்னேன். அவன் இமாச்சல்காரன். "உன் மாமா இன்னும் என்ன சொல்றாரு?" என்று தினமும் கேட்கிறான். அவனும் மலைக்காரன், நானும் மலைக்காரன். ஏற்றம் வந்தால் நாங்கள் இருவரும்தான் முன்னால் போகிறோம். கவுஞ்சிக் காட்டில் கேரட் மூட்டை தூக்கிய கால் இது. போன் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் தருகிறார்கள். அது அம்மாவுக்கு.

ஒரு சந்தோஷமான செய்தி. இங்கே ஒரு சுபேதார் இருக்கிறார், பெயர் கதிர்வேல். நம் பழனிக்காரர். அவருடைய அண்ணன் அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறாராம். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பார், ஆனால் ஓட்டத்தில் எங்கள் கூடவே வந்து வைவார். என் ஊரைக் கேட்டதும், "கவுஞ்சியா? ஏலே, அங்க ராஜமுருகன்னு ஒருத்தரு உண்டுமே" என்றார். என் தாய்மாமாதான் சார் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓட்டத்துல உங்க மாமாவ ஜெயிக்க ஆள் கெடையாதுலே. நான் அவரு முதுகப் பாத்துக்கிட்டேதான் ஓடுவேன்" என்றார்.

அஞ்சாவது பாராசூட் குதியில் உங்களுக்கு முட்டி உடைந்து ஊருக்கு வந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து தன் இடது காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "ஆமா, குளிர்ல வலிக்குமே. இப்பத் தேவலையான்னு கேட்டு எழுதுலே" என்றார். ஒரு டப்பா பஞ்சாமிர்தமும் கொடுத்தார்.

அவர்தான் உங்கள் ஜோடிக்காரரா மாமா?

உங்கள் அன்புள்ள,
மதன்


கொடைக்கானல்,
3.2.2025

அன்புள்ள மதனுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ திடமாக இருப்பது அறிந்து நிம்மதி. எனக்கு ஒன்றும் இல்லை.

ஆம், அவன்தான். அஞ்சாவது குதியில், குதிக்கச் சொல்லும் பச்சை விளக்கு எரிந்ததும் கதவருகே அவசரப்பட்டு என்னை இடித்துத் தள்ளியவன் அவன்தான். பாராசூட்டின் கயிறு முறுக்கிக்கொண்டு நான் ஒற்றைக் காலில் விழுந்தேன். விசாரணையில் அவன் ஒன்றும் தெரியாதவன்போல் நின்றான். நான் வீட்டுக்கு வந்தேன், அவன் சுபேதார் ஆனான். இதை நம் வீட்டில் எல்லாரும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறீர்கள். பெயரை மட்டும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அவனிடம் மரியாதையாக இரு, நெருங்காதே. ஊர்க்காரன் என்று உறவு கொண்டாடி உன் வாயைப் பிடுங்குவான். அவன் கொடுக்கும் பஞ்சாமிர்தத்தையும் தின்னாதே. ஜோடிக்காரனிடம் கொடுத்துவிடு.

இன்னொன்று. இனிமேல்தான் உடம்பு நோக ஆரம்பிக்கும். கால் வலிக்கிறது என்று ஒருவன் வாயைத் திறந்தால் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். இரண்டு தடவை சொன்னால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். யாரிடமும் சொல்லாதே. பயிற்சி கொடுக்கும் உஸ்தாதிடமும் வேண்டாம், டாக்டரிடமும் வேண்டாம். அந்த ஊர்க்காரனிடம் கண்டிப்பாக வேண்டாம். பேண்டேஜ் துணியை இறுக்கிச் சுற்று, இரண்டு சாக்ஸ் போடு, ஓடு.

ராஜமுருகன்


கவுஞ்சி,
20.2.2025

தம்பி ராஜமுருகனுக்கு அக்கா சண்முகசுந்தரி சொல்லி எழுதுறது. எதுத்த வீட்டு தாரணி எழுதுறா. நீ போன எடுக்க மாட்டேங்க, அதான் காய்கறி வண்டியில இதக் கொடுத்து விடுறேன்.

நீ நல்லா இருக்கியா? வேளைக்குச் சாப்பிடுறியா? இங்க பூண்டு எடுக்கிற சோலி தலைக்கு மேல கெடக்கு. வெள்ளனே போனா இருட்டித்தான் வாறேன்.

அணிவகுப்புக்குக் கூப்பிடலன்னு உனக்கு மனசுல இருக்கும். கூப்பிட்டா நீ வந்து நின்னு எல்லாத்தையும் குத்தம் சொல்லுவ. எம்புள்ள சந்தோசமா நிக்கிற அன்னைக்கு அது வேண்டாம்னு நெனச்சேன். அது தப்புன்னா தப்புதான்.

இப்ப விசயம் என்னன்னா, ஞாயித்துக்கெழமை போன்ல அவன் கொரலே சரியில்ல. மொதல்ல எல்லாம் அந்த பழனிக்கார சாரப் பத்தித்தான் பத்து நிமிசமும் பேசுவான். இப்ப கேட்டா, அவருகூட நான் பேசுறதில்லம்மாங்கான். ஏன்டான்னா மாமா சொல்லிருக்காருங்கான். கண்காணாத ஊருல நம்ம பாசை பேசுற மனுசன் ஒருத்தர் கெடைச்சாரு, அதையும் நீ கெடுத்துட்டியா? அப்படி என்னதான் எழுதுற நீ?

அவன் எதையோ மறைக்கான். பெத்தவளுக்குத் தெரியும். உன்கிட்டத்தான் சொல்லுவான். கேட்டு எனக்கு வெரசா சொல்லு. வண்டிக்காரர் கதவத் தட்டுனா தொறந்து பதில் கொடுத்து விடு. நீ உள்ள இருந்துகிட்டே தொறக்க மாட்டேன்னு அவருக்கும் தெரியும்.

உன் அக்கா


முகாம்,
2.3.2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். பேனா பிடிக்க நேரம் இல்லை.

இருபது கிலோமீட்டர் முடித்தேன், முப்பதும் முடித்தேன். ஒன்பது பேர் இருக்கிறோம். இடது காலில் ஒரு வலி. கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம். முதலில் ஓடினால் மட்டும் வலித்தது. இப்போது நின்றாலும் வலிக்கிறது. நீங்கள் சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. என் ஜோடிக்காரன் மட்டும் பார்த்துவிட்டான். அவனையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பேண்டேஜைச் சுற்றிவிடுவது அவன்தான்.

அம்மாவுக்கு எழுதாதீர்கள்.

கதிர்வேல் சார் நேற்று என் பக்கத்தில் ஓடி வந்தார். "என்னலே, என்மேல கோவமா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டே திரியுற" என்றார். இல்லை சார் என்றேன். "உங்க மாமா எழுதினாரா?" என்றார். எழுதினார் சார் என்றேன். "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். நீங்கள் அவரைப் பற்றி எழுதியதை நினைத்துக்கொண்டேன். அவரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை மாமா. ஆனால் நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள்.

முட்டி இப்போது எப்படி இருக்கிறது?

மதன்


கொடைக்கானல்,
10.3.2025

அன்புள்ள மதனுக்கு,

அந்த மூன்று மாதத்தில் கால் வலிக்காதவன் எவனும் கிடையாது. பயப்படாதே. ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை. ஒரு ஓட்டம்தான் பாக்கி.

உன் அம்மாவுக்கு நீ சௌக்கியம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ராஜமுருகன்


முகாம்,
27.3.2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். தேறிவிட்டேன்!

நாற்பது கிலோமீட்டர். ஏழு பேர் முடித்தோம். கடைசி ஆறு கிலோமீட்டர் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. என் ஜோடிக்காரன் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிடித்துக்கொண்டால் செல்லாது என்று சொல்லிவிட்டேன். மூட்டையை நிறுத்தபோது இருநூறு கிராம் கூடுதலாகவே இருந்தது. மறுநாள் காலையில் கர்னல் கையால் மெரூன் தொப்பி போட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் யூனிட்டுக்குள் நடந்தேன். நடக்கத் தெரியாதவன்போல் இருந்தது.

ஏப்ரல் 25 அன்று ஆக்ராவுக்குப் போகிறோம். இரண்டு வாரம் தரையில் பயிற்சி. மேடையிலிருந்து குதித்து இரண்டு காலையும் சேர்த்து விழப் பழக்குவார்கள். பிறகு விமானம். ஐந்து குதி முடித்தால் நெஞ்சில் இறக்கைப் பட்டை.

வலி குறையவில்லை மாமா. ஒற்றை விரலை வைத்தால் சரியாக அந்த இடத்தில், எலும்பில் வலிக்கிறது. படுத்தாலும் வலிக்கிறது. தொப்பி போட்ட அன்று கதிர்வேல் சார் என் காலைப் பார்த்தார். "இடது கால ஊன யோசிக்கியே, என்னலே?" என்றார். கொப்புளம் சார் என்றேன். "ஷூவக் கழத்து, பாப்போம்" என்றார். ஆறிவிட்டது சார் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். நீங்கள் இருந்தால் பெருமைப்பட்டிருப்பீர்கள்.

போன் திரும்பக் கிடைத்துவிட்டது. மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பரவாயில்லை.

உங்கள் பெயரைக் காப்பாற்றுவேன்.

மதன்


கொடைக்கானல்,
2.4.2025

மதன்,

உடனே டாக்டரிடம் போய்க் காலைக் காட்டு. ஒற்றை விரல் வைத்தால் எலும்பில் வலிப்பது கொப்புளமும் இல்லை, சுளுக்கும் இல்லை. எலும்பில் விரிசல். இங்கே எலும்பு டாக்டர் ஒருவரிடம் விசாரித்தேன். அதோடு உயரத்திலிருந்து விழுந்தால் இரண்டாக முறியும் என்கிறார். இப்போது ஓய்வு கொடுத்தால் இரண்டு மாதத்தில் கூடிவிடும். அடுத்த வகுப்புக்குப் போகலாம்.

நான் முன்பு எழுதியதை மறந்துவிடு. தப்பாக எழுதிவிட்டேன்.

ராஜமுருகன்


முகாம்,
8.4.2025

மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள்தான் எழுதினீர்களா என்று சந்தேகமாக இருந்தது.

தொப்பி வாங்கிய பிறகு கால் வலிக்கிறது என்று சொன்னால், குதிக்கப் பயந்துகொண்டு சாக்குச் சொல்கிறான் என்பார்கள். போன வருடம் ஒருவன் அப்படி நின்றுவிட்டானாம். இன்றைக்கும் அவன் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். முட்டி உடையும்வரை குதித்த உங்கள் மருமகன் நான். அப்படி ஒரு பெயரோடு ஊருக்கு வர மாட்டேன்.

நான் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். நீங்கள் யாரிடமாவது சொன்னால் அப்புறம் என் முகத்தில் நீங்கள் விழிக்க வேண்டாம். பழனி முருகன்மேல் சத்தியம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதன்


14.4.2025

கதிர்வேல்,

இருபத்தேழு வருடம் கழித்து உனக்கு எழுதுகிறேன். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். இதை எழுத எனக்கு வாயில்லை, ஆனாலும் அதுதான் முறை.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கவுஞ்சி மதனுடைய இடது கால் எலும்பில் விரிசல் இருக்கிறது. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, உள்பக்கம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காலோடுதான் நாற்பது கிலோமீட்டர் ஓடியிருக்கிறான். 25-ஆம் தேதிக்கு முன் அவனை டாக்டரிடம் காட்டு. எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாதாம், ஸ்கேன் எடுக்கச் சொல். அவன் கொப்புளம் என்று சாதிப்பான், நம்பாதே. ஆக்ராவுக்குப் போகிற ஏழு பேரின் காலையும் பார்ப்பதாக ஏற்பாடு செய். தற்செயலாகத் தெரிந்ததுபோல் இருக்கட்டும். அவன் பயந்தவன் என்று ஒருத்தனும் பேச இடம் கொடுக்காதே. அவனுக்குப் பயம் கிடையாது. அவன் வாயை மூடிக்கொண்டிருப்பது, மூடிக்கொண்டிரு என்று நான் எழுதியதால். உன்னிடம் முகத்தைத் திருப்பியதும் நான் எழுதியதால்.

என்ன எழுதினேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அஞ்சாவது குதியில் நீ என்னைத் தள்ளிவிட்டாய் என்று எழுதினேன். ஊருக்கு வந்த நாளிலிருந்து இதைத்தான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். வலது முட்டியில் துணி சுற்றிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ஆறு மாதம் நொண்டினேன். பிறகு நொண்டுவதை விட்டுவிட்டாலும் கதையை விடவில்லை.

எனக்கு அஞ்சாவது குதி இல்லை என்பது உனக்குத் தெரியும். முதல் குதியே இல்லை. எனக்கு முன்னால் நாலு பேர் போனார்கள். கதவுக்கு வந்ததும் என் இரண்டு கையும் இரும்பைப் பிடித்துக்கொண்டன. நான் பிடிக்கவில்லை, அவை பிடித்தன என்றுதான் இன்றைக்கும் எழுத வருகிறது, பார். பின்னாலிருந்து நீ "ராஜா, போலே, போலே" என்று கத்தினாய். தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. உஸ்தாத் என் விரல்களைப் பிரித்து என்னை ஓரமாக இழுத்துப் போட்டபோது விமானம் நாம் இறங்க வேண்டிய மைதானத்தின் கடைசிக்குப் போய்விட்டது. நீ நின்றிருக்கலாம், குதித்தாய். மைதானத்தைத் தாண்டி ஓடைப் பாறையில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. நீ எட்டு மாதம் படுத்திருந்தாய். அதில் ஒன்றரை மாதம் நானும் அதே முகாமில்தான், ஸ்டோரில் உட்கார்ந்து விலகல் உத்தரவுக்குக் காத்திருந்தேன். உன்னை வந்து பார்க்கவில்லை.

விசாரணையில் நீ என்ன சொன்னாய் என்று பிறகு தெரிந்தது. காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னாயாம். அதற்காகவே உன்னை வெறுத்தேன். நீ என் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இப்போது மறுபடியும், என் முட்டி தேவலையா என்று அந்தப் பையனிடம் கேட்டு அனுப்பியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை.

இன்னும் ஒன்று. இதை யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். மார்ச் மாதம் அவன் கால் வலி என்று எழுதியபோது எனக்குள் முதலில் எழுந்தது கவலை இல்லை. இவனும் காலை ஒடித்துக்கொண்டு வந்தால் மாமாவுக்கும் மருமகனுக்கும் ஒரே கதையாகிவிடும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, உப்பு வெந்நீரில் காலை வை என்று எழுதினேன். அவன் அதை நம்பினான். மாமா பொய் சொல்ல மாட்டார் என்று எழுதியிருந்த பையன் அவன்.

வாசலைப் பற்றியும், மூட்டையைப் பற்றியும், ஓட்டத்தைப் பற்றியும் அவனுக்கு நான் எழுதியது எல்லாம் சரிதான். விமானத்தில் ஏறிய பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதை நீ சொல்லிக்கொடு. எலும்பு கூடிய பிறகு சொல்லிக்கொடு.

உன் போன் நம்பர் பத்து நாளாக என் கையில் இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினர் கேன்டீனில் ஒருவர் கொடுத்தார். உன் குரலைக் கேட்டால் பழைய கதையையே சொல்ல ஆரம்பித்துவிடுவேன் என்று பயம். பதிவுத் தபாலுக்கு அனுப்புநர் பெயர் வேண்டுமாம். அதனால் சாதாரணத் தபாலிலேயே அனுப்புகிறேன். ஒரு வாரத்தில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் என்ற நினைப்பு வந்ததால் இதையே இன்னொரு தாளிலும் எழுதி, நாளை மறுநாள் தனியாகப் போடுகிறேன்.

அடியில் பெயரை எழுதியிருந்தேன். இந்தக் கடைசித் தாளை மட்டும் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். பெயர் இருந்தால் என்றாவது மதன் கண்ணில் படும், தன்னைக் காட்டிக் கொடுத்தது யார் என்று தெரிந்துவிடும். கேட்டால் இதைத்தான் காரணமாகச் சொல்வேன். ஆனால் பெயர் போட்டால் இது மன்னிப்புக் கேட்கும் கடிதமாகிவிடும், நீ பதில் எழுதுவாய். நீ எழுதக்கூடியவன். பரவாயில்லை ராஜா என்று எழுதிவிடுவாய். அது வேண்டாம். அவன் காலைப் பார், அது போதும்.

இன்று சித்திரை முதல் நாள், தபால் நிலையம் விடுமுறை. நாளைக் காலையில் திறந்ததும், கையெழுத்துப் போடாமலே இதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.